சிகா சிகா: கிரீட் தீவுல பத்து நாள்

மக்களே, முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். தலைப்பைப் பாத்துட்டு ஏதோ சிக்கன் அயிட்டம்னு நெனச்சு நாக்கைத் தொங்கப் போட்டுட்டு வந்தவங்க அப்படியே அப்பீட் ஆயிக்கலாம். "சிகா சிகா"ன்னா கிரேக்க மொழியில "மெதுவா, மெதுவா"ன்னு அர்த்தம். எங்க திருநெல்வேலிப் பக்கம் "பைய வாங்க, பைய வாங்க"ன்னு சொல்லுவோம்ல, அதேதான். கிரீட் தீவுல பத்து நாள் சுத்துனதுல நான் உருப்படியா கத்துக்கிட்ட ஒரே கிரேக்க வார்த்தை இதுதான். ஹோட்டல்காரர் சொல்லுவார், படகுக்காரர் சொல்லுவார், வளைவுல எதிர்ல வர்ற தாத்தா கையை வெளிய நீட்டிச் சொல்லுவார்.

2024 அக்டோபர்ல போனது. நானும் தங்கமணியும் மட்டும். ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்து நேரா ஹெராக்லியோன், அங்கேயே வாடகைக்கு ஒரு குட்டிக் கார்.

கிரீட் பத்திக் கொஞ்சம் பூகோளம். கிரீஸ் நாட்டுத் தீவுகள்லயே பெருசு. மத்தியதரைக் கடல்ல சிசிலி, சார்டீனியா, சைப்ரஸ், கோர்சிகாவுக்கு அடுத்து அஞ்சாவது. மேற்கு கிழக்கா சுமார் 260 கிலோமீட்டர் நீளம். அகலம் மட்டும் ரொம்பக் கம்மி, அதிகபட்சம் 60 கிலோமீட்டர், ஒல்லியான இடத்துல வெறும் 12. மேப்பைப் பாத்தா, அடச்சே, ரெண்டு நாள்ல ஒரு ரவுண்டு அடிச்சிடலாம் போலிருக்கேன்னு தோணும். தோணிச்சுன்னா நீங்களும் என்னை மாதிரி பொட்டி தட்டுற ஆளுதான் :-)

விஷயம் என்னன்னா, இந்தத் தீவை வட்டமா சுத்தவே முடியாது. நடுவுல முதுகெலும்பு மாதிரி மலை. ப்சிலோரிட்டிஸ் சிகரம் 2,456 மீட்டர், மேற்குல வெள்ளை மலைகள்ல இருக்கிற பாக்னெஸ் 2,453 மீட்டர். ரெண்டுத்துக்கும் மூணே மூணு மீட்டர்தான் வித்தியாசம். தென்மேற்குல இந்த வெள்ளை மலை அப்படியே செங்குத்தா கடலுக்குள்ள இறங்குது. அங்க கரையோரமா ரோடு போட இடமே இல்ல. அதனால வடக்குக் கரையில ஒரு நெடுஞ்சாலை. அதுல இருந்து தெற்கே இறங்கணும்னா மலையைத் தாண்டி இறங்கணும். பக்கத்து ஊருக்குப் போகணும்னா பல இடத்துல திரும்ப மேல ஏறி, வடக்கே வந்து, மறுபடி இறங்கணும். சீப்பு மாதிரி. வடக்கு ரோடு சீப்போட கட்டை, தெற்கே இறங்குற ரோடெல்லாம் பல்லு.

நான் வழக்கம்போல எக்செல் ஷீட் போட்டு, 23 இடம், கலர் கலரா குறிச்சு வச்சிருந்தேன். அம்மணி அதைத் திறந்து பாத்தாங்க. ஒண்ணும் பேசல. கீழ ஒரு வரி மட்டும் சேத்தாங்க: "ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல வண்டி ஓடக்கூடாது." ஃபார்முலா போட்டுப் பாத்தா 23 இடம் 9 ஆயிடுச்சு. அதுவே ஃபைனல். ஹெராக்லியோன்ல ஒரு ராத்திரி, ஹானியாவுல மூணு, லூத்ரோவுல ஒண்ணு, மாத்தலாவுல ஒண்ணு, கிழக்கே ப்ளாக்கான்னு ஒரு சின்ன ஊர்ல மூணு.

இந்த மூணு மணி நேரக் கணக்குக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. கிளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடி தங்கமணிக்கு ஒரு மெயில் வந்திருந்தது. அவ படிச்சது மைக்ரோபயாலஜி. சென்னையில ஒரு ஆராய்ச்சி நிலையத்துல பிஎச்டி சீட் கிடைச்சிருக்கு. குறைஞ்சது நாலு வருஷம். அக்டோபர் 20க்குள்ள வர்றியா இல்லையான்னு பதில் சொல்லணும். நான் ஃப்ராங்க்ஃபர்ட்ல. ஜெர்மனியில நிரந்தர விசா கிடைக்க எனக்கு இன்னும் கொஞ்ச காலம் பாக்கி. கல்யாணமாகி ரெண்டு வருஷம் நாலு மாசம். மெயில் வந்த அன்னிக்கு "வாழ்த்துகள்"னு கை குலுக்கினேன், பால் பாயசம் வச்சோம். அதுக்கு மேல ரெண்டு பேரும் அதைத் தொடல. சூட்கேஸோட சேத்து அதையும் தூக்கிட்டுதான் ஏர்போர்ட் போனோம்.

சரி, ரோட்டுக்கு வருவோம்.

வடக்கு நெடுஞ்சாலையில முதல் அரை மணி நேரம் எனக்கு ஈரக்குலை நடுங்கிடுச்சு. பெரும்பாலான இடத்துல போக ஒரு லேன், வர ஒரு லேன், நடுவுல தடுப்பு கிடையாது. ஆனா ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நல்ல அகலமான ஓரம் இருக்கு. மெதுவா போறவங்க எல்லாம் பாதி வண்டியை அந்த ஓரத்துல ஏத்தி ஓட்டறாங்க. பின்னாடி வர்றவன் நடுக்கோட்டை ஒட்டித் தாண்டிப் போயிடறான். எதிர்ல வர்றவனும் தன் பக்க ஓரத்துல ஒதுங்கிக்கறான். ரெண்டு வண்டிக்குப் போட்ட ரோட்டுல நாலு வண்டி போகுது! ஹாரன் சத்தம் இல்ல, லைட் அடிக்கறது இல்ல. சட்டப்படி இது சரியா தப்பான்னு கேக்காதீங்க. ஊர் வழக்கம் இதுதான்.

ஆட்டோபான்ல 160ல போறவன் முன்னாடி ஒதுங்கறது வேற. அங்க பயத்துல ஒதுங்கறோம். இங்க ஒதுங்கறது ஒரு மரியாதை. நீ அவசரமா போறியா, போப்பா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. ரெத்திம்னோ தாண்டறதுக்குள்ள நானும் பழகிட்டேன். வலது சக்கரம் ஓரத்துல, 70ல ஓட்டம், ஜன்னலை இறக்கினா உப்புக் காத்து. தங்கமணி ஒதுங்கிக் குடுக்கற ஒவ்வொரு வண்டிக்கும் டாட்டா காட்டிட்டு வந்தா.

ரோட்டோரமா ஆளுயரக் கம்பத்து மேல சின்னச் சின்னக் கோயில் மாதிரி பெட்டிங்க இருந்துச்சு. கண்ணாடிக் கதவு, உள்ள ஒரு எண்ணெய் விளக்கு, புனிதர் படம், பக்கத்துல ஒரு எண்ணெய் பாட்டில். ஆபத்தான வளைவுங்கள்ல நிறைய. எல்லாமே விபத்துல செத்தவங்க ஞாபகமா வச்சதுன்னு நெனச்சு நாங்க "ச்சு" கொட்டிட்டே வந்தோம். ஹானியாவுல நாங்க தங்கின வீட்டுப் பாட்டி சொன்னப்புறம்தான் தெரிஞ்சது, பாதி அப்படி, மீதி அதே இடத்துல உயிர் தப்பினவங்க நன்றிக்கு வச்சது. வெளிய இருந்து பாத்தா எது எதுன்னு தெரியாது.

சாப்பாடு. தங்கமணி சுத்த சைவம். கிரீஸ்ல பட்டினிதான்னு ஊர்ல பயமுறுத்தி அனுப்பினாங்க. அவங்களுக்கெல்லாம் ஒரு பெரிய கும்பிடு. இங்க "ஹோர்தா"ன்னு ஒண்ணு தர்றாங்க. காட்டுக்கீரையைப் பறிச்சு வேகவச்சு, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை பிழிஞ்சு ஒரு தட்டு நிறைய. தாளிக்காத கீரைன்னு வச்சுக்கங்களேன். அப்புறம் "டாக்கோஸ்". கல்லு மாதிரி இருக்கிற பார்லி ரொட்டி மேல தக்காளியைத் துருவிப் போட்டு, வெள்ளைச் சீஸ் உதிர்த்து, எண்ணெய் ஊத்தித் தர்றது. தக்காளிச் சாறுல ரொட்டி ஊறி மெத்துன்னு ஆகும்போது சாப்பிடணும். ஹானியாவுல சுரைக்காய்க்குத் தம்பி மாதிரி ஒரு காயும் உருளைக்கிழங்கும் சீஸும் அடுக்கிச் சுட்ட "பூரேக்கி". சைவக்காரங்க மனப்பாடம் பண்ண வேண்டிய வார்த்தை "நிஸ்திசிமோ". விரத காலத்துச் சாப்பாடுன்னு அர்த்தம், கறி, பால், முட்டை எதுவும் இருக்காது. ஆர்தடாக்ஸ் சர்ச்சுல விரத நாள் அவ்வளவு இருக்கிறதால எல்லா ஊர் சமையல்காரருக்கும் இது தெரியும்.

சாப்பிட்டு முடிச்சு பில் கேட்டா, பில்லோட கூடவே ஒரு தட்டு இனிப்பும் குட்டி பாட்டில்ல ராக்கியும் வரும். ஓசிதான். அதைக் குடிச்சு முடிக்காம எந்திரிச்சா அவங்களுக்கு மனசு கஷ்டமாயிடும். வண்டி ஓட்டறவன் நான்ங்கறதால எனக்குப் பகல்ல இனிப்பு மட்டும். ராக்கியை மோந்து பாத்துட்டு வச்சுட்டேன். நம்புங்க.

ஹெராக்லியோன் பக்கத்துல க்னோசோஸ் அரண்மனையைப் பத்தி ஒரு பத்தியாவது எழுதலேன்னா சாமி கண்ணைக் குத்தும். 1900ல ஆர்தர் எவன்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர் அங்க பெரிய அளவுல தோண்ட ஆரம்பிச்சார். அவருக்கு முன்னாடியே 1878ல மினோஸ் கலோகைரினோஸ்னு உள்ளூர்க்காரர் ஒருத்தர் தோண்டிப் பாத்துட்டார், பேரு என்னவோ எவன்ஸுக்குத்தான். இடிஞ்சதை எவன்ஸ் கான்க்ரீட் போட்டு எழுப்பி, சிவப்புத் தூண் எல்லாம் வச்சுட்டார். எது 3,500 வருஷத்துச் சுவர், எது போன நூற்றாண்டு சிமெண்ட்னு குழப்பம். எனக்குப் பிடிச்சது அங்க கிடைச்ச எழுத்து. லீனியர் பி-யை 1952ல மைக்கேல் வென்ட்ரிஸ் படிச்சுட்டார். அவர் தொழில் என்ன தெரியுமா, கட்டடம் வரையற ஆர்க்கிடெக்ட். பாத்தா உள்ள முக்கால்வாசி ஆடு எத்தனை, எண்ணெய் எத்தனை குடம்னு கணக்கு! அதுக்கு முந்தின லீனியர் ஏ-யை இன்னிக்கு வரைக்கும் யாராலயும் படிக்க முடியல. டாகுமெண்டேஷன் இல்லாத லெகசி கோடு. எழுதினவன் வேலையை விட்டுட்டுப் போயிட்டான்.

அஞ்சாம் நாள் ஹானியாவுல இருந்து தெற்கே ஹோரா ஸ்ஃபாகியோனுக்குக் கிளம்பினோம். 70 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா மலையைத் தாண்டணும். உச்சியில இருந்து திடீர்னு கீழ லிபியக் கடல் தெரியும், அதுக்கப்புறம் வளைவு மேல வளைவா இறங்கணும். வழியில இருக்கிற ரோடு போர்டுல எல்லாம் துப்பாக்கிக் குண்டு ஓட்டை. அந்தப் பக்கத்து மலை ஜனங்களுக்கு அது ஒரு பொழுதுபோக்காம். ஊர்ப் பேரு படிக்க முடியல, ஓட்டை வழியா வானம் தெரியுது.

அஞ்சாறு வளைவு இறங்கினதும் ரோடு முழுக்க ஆடு. மணி கட்டின ஆடு, நூறாவது இருக்கும். மேய்ப்பர் எங்கேன்னே தெரியல. இன்ஜினை நிறுத்திட்டேன்.

"ஏங்க, அந்த மெயிலுக்கு என்ன பதில் போடலாம்?"ன்னா தங்கமணி.

வீட்டுல டைனிங் டேபிள்ல எதிர் எதிரா உக்காந்து இதைப் பேசியிருந்தா எப்படிப் போயிருக்கும்னு தெரியல. கார்ல ஒரு வசதி இருக்கு பாருங்க. ரெண்டு பேரும் முன்னாடி பாத்துதான் உக்காந்திருக்கோம். மூஞ்சி பாத்துப் பேச வேண்டாம். எந்திரிச்சும் போக முடியாது, வெளிய ஆடு நிக்குது.

நான் என் பக்கத்துக் கணக்கைச் சொன்னேன். நாலு வருஷம்னு சொல்லுவாங்க, அஞ்சாகும். ரொம்ப நாள் வெளிய இருந்தா உன் ஜெர்மன் விசா செல்லாமப் போயிடும், திரும்ப முதல்ல இருந்து. எனக்கு நிரந்தர விசா வர்ற வரைக்கும் நான் இங்க இருந்து நகர முடியாது.

அவ கேட்டுக்கிட்டா. அப்புறம் அவ பக்கம். "ரெண்டு வருஷமா ஜெர்மன் படிச்சேன். பி1 பாஸ் பண்ணினேன். எத்தனை லேபுக்கு எழுதிப் போட்டேன்னு உங்களுக்கே தெரியும். காலைல எட்டரைக்கு நீங்க கிளம்பினப்புறம் சாயங்காலம் வரைக்கும் வீட்டுல ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தாங்க. அது எப்ப ஓடும், எப்ப நிக்கும்னு எனக்கு டைமே தெரியும். இருபத்தி ஏழு வயசுல எனக்கு இதுவா தெரியணும்?"

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஆடு ஒண்ணு பானெட் மேல காலை வச்சு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துது. பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி. அவ சிரிச்சுட்டா. கொஞ்ச நேரத்துல ஆடெல்லாம் ஓரம் ஒதுங்கிடுச்சு, சிகா சிகான்னு இறங்கினோம்.

அன்னிக்கு ராத்திரி தங்கினது லூத்ரோ. அந்த ஊருக்கு ரோடே கிடையாது. காரை ஹோரா ஸ்ஃபாகியோன்ல விட்டுட்டுப் படகுல போகணும், இல்லேன்னா நடக்கணும். வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமா ஒரு கைப்பிடி வீடு, பின்னாடி மலை, முன்னாடி கடல். ராத்திரி ஒரு வண்டிச் சத்தம் இல்ல. அந்தப் பேச்சை மறுபடி எடுக்கல, ஆனா முன்னாடி இருந்த கனம் இல்ல.

மாத்தலாவுல 1960கள்ல ஹிப்பிங்க குடியிருந்த குகைங்களைப் பாத்துட்டு, கிழக்கே ப்ளாக்கா வந்து சேந்தோம். நாங்க தங்கின ரூம் ஜன்னலைத் திறந்தா நேர் எதிர்ல ஸ்பினலோங்கா. கூப்பிடு தூரம்னு சொல்ற மாதிரி ஒரு குட்டித் தீவு. 1579ல வெனிஸ்காரங்க கோட்டை கட்டின இடம், அப்புறம் 1715ல துருக்கியர் கைக்குப் போச்சு. 1903ல இருந்து 1957 வரைக்கும் தொழுநோய் வந்தவங்களைக் கொண்டுவந்து விட்ட தீவு அது.

படகுல போய் இறங்கினா ஒரு இருட்டான வளைவு வாசல். அதுக்கு தாந்தே வாசல்னு பேரு வச்சிருந்தாங்களாம், உள்ள போனா திரும்ப முடியாதுங்கறதால. ஆனா தாண்டி உள்ள போனா இருக்கிறது ஒரு தெரு. கடை இருந்த இடம், சர்ச்சு, துணி துவைக்கிற தொட்டி. அங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, பிள்ளை பெத்துக்கிட்டாங்க. 1936ல எபாமினோண்டாஸ் ரெமுண்டாகிஸ்னு ஒரு சட்ட மாணவரைக் கொண்டுவந்து விட்டாங்க. அவர் எல்லாரையும் சேத்து ஒரு சங்கம் ஆரம்பிச்சு, உரிமை கேட்டுப் போராடி, ஊரையே ஒழுங்கு பண்ணியிருக்கார்.

தங்கமணி அங்க வேற ஆளாயிட்டா. எனக்கு ஸ்பெஷல் கைடு. "1873லயே நார்வேயில ஹான்சன்னு ஒரு டாக்டர் இந்தக் கிருமியைப் பாத்துட்டாருங்க. கிருமி தெரியும், மருந்து தெரியாது. அதான் அடைச்சு வச்சாங்க. இது அவ்வளவு சுலபமா ஒட்டிக்கிற வியாதியே இல்ல, பெரும்பாலானவங்க உடம்பு தானே சமாளிச்சுக்கும். 1940கள்ல மருந்து வந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமா தீவும் காலியாச்சு. 1981ல கூட்டு மருந்து முறை வந்தப்புறம் முழுசா குணமாக்கிடலாம். இன்னிக்கும் உலகத்துல வருஷா வருஷம் புதுசா கண்டுபிடிக்கிறவங்கள்ல பாதிக்கு மேல நம்ம நாட்டுலதாங்க. செங்கல்பட்டுல இதுக்குன்னே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கு தெரியுமா?" அவளுக்குச் சீட்டு கிடைச்சிருக்கிறதும் இந்தக் கிருமிக் குடும்பத்துலதான், காசநோய்க் கிருமி. சொல்லும்போது கை ரெண்டும் காத்துல படம் வரையுது. ஃப்ராங்க்ஃபர்ட்ல ரெண்டு வருஷத்துல அந்தக் கையை நான் பாக்கவே இல்ல.

கோட்டைச் சுவர்ல சாஞ்சு எதிர்க்கரையில எங்க ரூம் ஜன்னலைத் தேடிக்கிட்டு நின்னோம். இங்க இருந்தவங்களும் இப்படித்தானே அந்தப் பக்கம் பாத்துட்டு நின்னிருப்பாங்க, சொந்த பந்தம் கண்ணுக்குத் தெரியற தூரத்துலன்னு நான் குரலை இறக்கி ஆரம்பிச்சேன்.

"ஏங்க, சும்மா இதோட நம்மளக் கோக்காதீங்க"ன்னு வெட்டிட்டா. "இவங்களை வீட்டுல இருந்து பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. நான் டிக்கெட் போட்டு, சூட்கேஸ் கட்டி, வேலைக்குப் போறேன். உங்களுக்கு வருத்தம்னா வருத்தம்னு சொல்லுங்க. இவங்க பேரைச் சொல்லிச் சொல்லாதீங்க."

"வருத்தம்தான்"னேன்.

"எனக்கும்தான்"னா. அவ்வளவுதான் பேச்சு. கடைசிப் படகுக்கு மணி அடிச்சுட்டாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் ப்ளாக்காவுல கடலை ஒட்டின டேபிள்ல, பில்லுக்குக் காத்திருக்கிற நேரத்துல, அவ போன்லயே பதில் டைப் பண்ணினா. "வருகிறேன்"ங்கறதைப் பத்து வரி இங்கிலீஷ்ல. அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட குடுத்தா. நான் ஒரு கமா மட்டும் போட்டேன். பில்லோட ராக்கி வந்துச்சு. ரூமுக்கு நடந்தே போயிடலாம்ங்கறதால அன்னிக்கு நானும் குடிச்சேன். தொண்டையில தீ.

மறுநாள் எங்கயும் போகல. அதுக்கு அடுத்த நாள் லசித்தி பீடபூமி மட்டும். 840 மீட்டர் உயரத்துல, சுத்தி மலை, நடுவுல தட்டு மாதிரி வயல்வெளி. ஒரு காலத்துல வெள்ளைத் துணி கட்டின ஆயிரக்கணக்கான காத்தாடிங்க கிணத்துத் தண்ணி இறைச்ச இடம். இப்ப சிலதுதான் சுத்துது. அங்க ஒரு காபிக்கடையில உக்காந்து பேப்பர் நாப்கின்ல கணக்குப் போட்டோம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தர் பயணம். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே சமையல். எனக்கு நிரந்தர விசா வந்ததும் சென்னைக்கு மாத்தல் கேக்கறது, கிடைக்கலேன்னா வேற வேலை தேடறது. எல்லாத்துக்கும் பதில் கிடைச்சிடல. அந்த நாப்கின் இன்னும் என் பர்ஸுல இருக்கு.

போறவங்களுக்கு உபயோகமா நாலு விஷயம். மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர்ல போங்க. ஜூலை, ஆகஸ்ட்ல வெயிலும் கூட்டமும் பின்னிடும். வாடகைக் கார் ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்க, பல ஒப்பந்தத்துல மண் ரோட்டுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. கூகுள் மேப் சொல்ற நேரத்தோட மலை ரோட்டுக்குப் பாதி நேரம் கூடச் சேத்துக்கங்க. வூவெஸ் கிராமத்துல 2,000 வருஷத்துக்கு மேல வயசான ஒரு ஆலிவ் மரம் இருக்கு, இன்னும் காய்க்குது, போய் ஒரு தடவை தொட்டுட்டு வாங்க. முக்கியமா, ஒரே டிரிப்புல தீவு முழுக்கப் பாக்கணும்னு நெனக்காதீங்க. நாங்க பத்து நாள்ல ஓட்டினது சுமார் 720 கிலோமீட்டர். பாக்காம விட்ட 14 இடம் எக்செல்ல பத்திரமா இருக்கு.

தங்கமணி இப்ப சென்னையில. லேபுல ஆணி ஜாஸ்தி, போன் பண்ணினா பாதி நாள் "அப்புறம் கூப்பிடறேங்க"தான். ஃபிரிட்ஜ் சத்தம் இப்ப எனக்கும் டைம் தெரிஞ்சு போச்சு. போன ஞாயித்துக்கிழமை ரெண்டு ஊர்லயும் கீரை. என்னோடதுல எலுமிச்சை தூக்கல்.

அடுத்த தடவை அவ வரும்போது ஏதாவது ஒரு தீவு, அதே மூணு மணி நேர விதி. சார்டீனியாவா கோர்சிகாவான்னு ஓடிட்டிருக்கு. கார் ஓட்டிச் சுத்தினவங்க யாராவது இருந்தா சொல்லுங்கப்பா, ஷீட்டு ரெடியா இருக்கு.